நாலு வயலின் வாங்குவதா, நாலு குரல் வாங்குவதா?

சிறிய தந்தி வாத்தியக் குழு ஒன்றை அமைக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

எமது பாடசாலைகளிலும் சிறுவர் இல்லங்களிலும் மாதர் சங்கக் கட்டடங்களிலும் பூட்டிய அலுமாரி ஒன்று அநேகமாக இருக்கும். அதைத் திறந்தால் பழைய பதிவேடுகள், தையல் இயந்திரத்தின் உடைந்த பாகங்கள், நிறம் மங்கிய கொடிகள் இவற்றோடு தந்தி அறுந்த வயலின் ஒன்றோ இரண்டோ கிடக்கும். யாரோ நல்ல மனதோடு கொடுத்தவை அவை. கொடுத்த அன்று புகைப்படம் எடுத்திருப்பார்கள். அதன் பிறகு ஓராண்டு கூட அவை ஒலித்திருக்க மாட்டா.

அண்மையில் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அந்த இல்லத்தில் வளர்ந்து இப்போது தொழில் செய்யும் பெண்கள் சிலர் மாதம் மாதம் சேர்த்து அனுப்பிய பணம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தந்தி வாத்தியக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை, என்ன வாங்குவது என்று வந்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பல ஆண்டுகள் வயலின் கற்பித்தவள் என்பதால் என்னை நினைத்தார்கள்.

போனதும் பொறுப்பாளர் அம்மா முதலில் காட்டியது அந்த அலுமாரியைத்தான். உள்ளே ஆறு வயலின்கள். ஆறும் முழு அளவு. சில வருடங்களுக்கு முன் அன்பளிப்பாக வந்தவை. இரண்டில் குதிரை விழுந்து கிடந்தது. இன்னும் இரண்டில் பிருடைகள் வழுக்கி, தந்திகள் தளர்ந்து தொங்கின. ஒன்றின் கழுத்து விலகியிருந்தது. ஒன்று மாத்திரம் வாசிக்கக் கூடிய நிலையில் இருந்தது.

“பிள்ளையளுக்குக் கை எட்டேல்ல ரீச்சர். தோள் நோகுது எண்டு ஒவ்வொண்டா வைச்சிட்டுதுகள். இந்த முறை புதுசா ஆறு வயலின் வாங்குவமோ?” என்று கேட்டார் அம்மா.

அந்தக் கேள்விக்கு உடனே ஓம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே தவறை மீண்டும் ஒருமுறை, பிறருடைய உழைப்புப் பணத்தில் செய்வதாகவே அது முடிந்திருக்கும். அன்று அங்கே பேசியவற்றையும் பிறகு நாங்கள் எடுத்த முடிவையும் எழுதினால், இதே முயற்சியில் இறங்கும் வேறு சகோதரிகளுக்கும் உதவும் என்று எண்ணுகிறேன்.

குழு என்பது என்ன?

ஆறு பேர் ஒரே வாத்தியத்தை ஒரே சுரத்தில் வாசிப்பது வகுப்பு. அது பிழையல்ல, ஆரம்பத்தில் அப்படித்தான் கற்க வேண்டும். ஆனால் குழு என்பது ஒரு குடும்பம் போன்றது. அங்கே கீச்சென்ற குழந்தைக் குரலும் வேண்டும், தாயின் நடுக்குரலும் வேண்டும், பாட்டியின் தாழ்ந்த குரலும் வேண்டும். மேல் குரல்கள் மாத்திரம் ஒலித்தால் பத்து நிமிடத்தில் கேட்பவர் காது களைத்துவிடும். கீழே ஒரு குரல் தாங்கி நிற்கும்போதுதான் மேலே ஒலிப்பது இனிமையாகக் கேட்கும்.

மேலைத்தேய இசையில் இதை மிக நேர்த்தியாக வகுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்தது ‘ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ எனப்படும் நால்வர் குழு. ஒஸ்திரிய இசைமேதை ஜோசப் ஹைடன் (1732-1809) இந்த நால்வர் குழுவுக்கென்றே அறுபதுக்கும் மேற்பட்ட ஆக்கங்களை எழுதினார். அவருக்குப் பின் வந்த பெரும்பாலான மேதைகள் இதே அமைப்பைப் பின்பற்றினார்கள். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் என்ன செய்வது என்பதிலும் அவர்களுக்குள் ருசி வேறுபாடு இருந்தது. மொஸார்ட் இரண்டாவது வியோலாவைச் சேர்த்து நடுக்குரலைச் செழிப்பாக்கினார். ஷூபேர்ட் 1828 இல் எழுதிய ஐவர் ஆக்கத்தில் இரண்டாவது செல்லோவைச் சேர்த்துக் கீழ்க்குரலை ஆழமாக்கினார். இருவரும் மூன்றாவது வயலினைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எமது இசையிலும் இந்த எண்ணம் புதிதல்ல. லால்குடி ஜெயராமன் 1966 இல் வயலின், வேணு, வீணை மூன்றையும் இணைத்துக் கச்சேரி செய்யத் தொடங்கினார். புல்லாங்குழலை என். ரமணியும் வீணையை ஆர். வெங்கடராமனும் வாசித்தனர். வில்லால் இழுக்கும் ஒலி, ஊதும் ஒலி, மீட்டும் ஒலி என்று மூன்று வேறுபட்ட ஒலிகள் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலித்ததே அந்தச் சேர்க்கையின் சிறப்பு. வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரி அமைத்த ‘வாத்திய லஹரி’யில் வயலினோடு வீணையும் நாதஸ்வரமும் சேர்ந்தன. நீண்டகாலம் எம்.எல். வசந்தகுமாரிக்குப் பக்கவாத்தியம் வாசித்த இந்த அம்மையார், 2016 இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். வயலின் வாசிக்கும் பெண் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

குரல்களை அறிந்துகொள்வோம்

வாங்கப் போகுமுன் ஒவ்வொரு வாத்தியத்தின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும்.

வயலின்: இது குழுவின் மேல் குரல். கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு தந்திகள். முழு அளவு வயலினின் உடற்பகுதி 14 அங்குலம். கற்பிக்க ஆசிரியர்கள் எமது பகுதிகளில் கிடைப்பது இதன் பெரிய வசதி.

வியோலா: பார்வைக்கு வயலின் போலவே இருக்கும், சற்றுப் பெரியது. தந்திகள் சி, ஜி, டி, ஏ. அதாவது வயலினின் மேல் ஈ தந்தி இதில் இல்லை, அதற்குப் பதிலாகக் கீழே சி தந்தி உண்டு. குரல் சற்றுக் கம்மியது போல், ஆனால் அன்பாக இருக்கும். இதன் உடற்பகுதி பொதுவாக 15 முதல் 17 அங்குலம் வரை இருக்கும். இந்தத் தாழ்ந்த சுருதிக்கு உண்மையில் இதைவிடப் பெரிய உடல் தேவை; ஆனால் அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்க ஏலாது. ஆகவே கைக்கும் ஒலிக்கும் இடையே செய்துகொண்ட சமரசமே இந்த வாத்தியம்.

செல்லோ: கதிரையில் இருந்து, முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி வாசிப்பது. வியோலாவின் அதே சி, ஜி, டி, ஏ தந்திகள் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். வளர்ந்த ஆணின் குரலுக்கு மிக நெருக்கமான ஒலி என்று சொல்வார்கள். வயதான தாயின் தாலாட்டு என்றுதான் எனக்குத் தோன்றும்.

டபுள் பேஸ்: ஆள் உயரம் இருக்கும் பெரிய வாத்தியம். சிறிய குழுவுக்கு இது அவசியமில்லை. விலையும் இடமும் கூட. செல்லோ ஒன்று இருந்தால் போதும்.

வீணை: இதற்கு அறிமுகம் தேவையில்லை. நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள், மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஒலி மென்மையானது. மூன்று வயலின்கள் சேர்ந்து வாசித்தால் வீணையின் ஒலி அமுங்கிப் போகும். ஒலிவாங்கி இல்லாமல் குழுவில் சேர்ப்பது சிரமம்.

சுருதியை முதலில் முடிவு செய்யுங்கள்

கூட்டத்தில் வீணை கற்பிக்கும் ஆசிரியையும் இருந்தார். “எங்கட வாத்தியம் இருக்க, ஏன் செல்லோவும் வியோலாவும்?” என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் சுருதியில் இருக்கிறது.

வீணை பெரும்பாலும் 2 முதல் 3 கட்டைச் சுருதியில் அமைக்கப்படுகிறது. பெண்பிள்ளைகள் பாடுவதோ 5 அல்லது 6 கட்டையில். நீண்ட வீணைத் தந்தியை 5 கட்டைக்கு இழுத்தால் அது அறுந்துவிடும். மறுபக்கம், வயலின்களை வீணையின் சுருதிக்கு இறக்கினால் கீழ்த் தந்திகள் தொய்ந்துவிடும். தடித்த தந்தி போட வேண்டி வரும். பிள்ளைகள் வாசித்துக்கொண்டே பாடுவதும் கடினமாகிவிடும்.

இனி வில் வாத்தியங்களைப் பாருங்கள். வயலினில் ஜி, டி தந்திகள் இருக்கின்றன. வியோலாவிலும் இருக்கின்றன. செல்லோவிலும் இருக்கின்றன. 5 கட்டை என்பது ஜி தானே! அப்படியானால் இந்த மூன்று வாத்தியங்களிலும் ஜி தந்தி ஷட்ஜமம், டி தந்தி பஞ்சமம். வயலினில் மேலே உள்ள ஏ தந்தியை ஜிக்கும், ஈ தந்தியை டிக்கும் ஒவ்வொரு சுரம் இறக்கினால் நாம் வழக்கமாக வைக்கும் ச-ப-ச-ப அமைப்பு கிடைத்துவிடுகிறது. எந்தத் தந்தியையும் அளவுக்கு மீறி இழுக்கத் தேவையில்லை. வியோலாவிலும் செல்லோவிலும் ஏ தந்தியை ஜிக்கு இறக்கலாம். சி தந்தி மத்திமமாக அமையும், தேவையில்லாத இடத்தில் அதைத் தொடாமல் விடலாம்.

6 கட்டை வேண்டும் என்று சிலர் விரும்புவர். அப்போது ஜி தந்தியை ஏக்கும், டி தந்தியை ஈக்கும் முழுச் சுரம் ஏற்ற வேண்டும். இழுவிசை ஏறக்குறைய கால் பங்கு கூடும். விலை குறைந்த வயலின்களில் பிருடை வழுக்குவதற்கும் தந்தி அறுவதற்கும் இது ஒரு காரணம். அந்த அலுமாரியில் கிடந்த வயலின்களையும் 6 கட்டையில்தான் வைத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

இதையெல்லாம் விளக்கியதும் வீணை ஆசிரியை சிரித்தார். “அப்ப வீணை தனியா வாசிக்கட்டும். நவராத்திரிக்கு நான் என்ர வீணையைக் கொண்டு வாறன்” என்றார். வீணையை ஒதுக்கிவிட்டோம் என்ற மனத்தாங்கல் அவருக்கு இருக்கவில்லை. ஒரு வாத்தியம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்றால் அதன் பெருமை குறைந்துவிடாது.

கையை அளக்காமல் வாங்காதீர்கள்

சட்டை தைக்கும்போது அளவெடுக்கிறோம். சப்பாத்து வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம். வயலின் வாங்கும்போது மாத்திரம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு முழு அளவு வாங்குகிறோம்? பிள்ளை வளர்ந்துவிடும், அப்போது சரியாகும் என்று நினைக்கிறோம். ஆனால் பெரிய வயலினைப் பிடிக்கும் பிள்ளை வளர்வதற்கு முன்பே வாசிப்பை விட்டுவிடுகிறாள்.

வயலின் முழு அளவு, முக்கால், அரை, கால் என்றும் அதற்குக் குறைவாகவும் பல அளவுகளில் கிடைக்கிறது. அளக்கும் முறை இலகுவானது. பிள்ளை இடது கையைப் பக்கவாட்டில் நீட்டட்டும். கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை தையல் நாடாவால் அளவுங்கள். 23 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் முழு அளவு பொருந்தும். 22 அங்குலமளவில் முக்கால், 20 அங்குலமளவில் அரை. கடையில் வயலினைத் தோளில் வைத்து, கையை நீட்டி, அதன் சுருண்ட தலைப்பகுதியை விரல்களால் வளைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை சற்று மடிந்தபடியே பிடிக்க முடிந்தால் அளவு சரி. கை விறைத்து நின்றால் ஓர் அளவு குறைத்து வாங்குங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையில் தடுமாறினால் சிறியதே நல்லது.

செல்லோவுக்கு உயரத்தைப் பார்க்கலாம். ஏறக்குறைய 5 அடிக்கு மேற்பட்டவர்களுக்கு முழு அளவும், நாலரை அடி முதல் 5 அடி வரை உள்ளவர்களுக்கு முக்கால் அளவும் பொருந்தும்.

நாங்கள் அன்றே தையல் நாடாவை எடுத்து எட்டுப் பிள்ளைகளை அளந்தோம். முழு அளவு வயலினுக்குப் பொருந்தியவர்கள் மூன்று பேர் மாத்திரமே.

“பெட்டைப் பிள்ளையளுக்கு அது வடிவில்லை”

அளந்துகொண்டிருக்கும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி எதிலும் சேராமல் கதவடியில் நின்றாள். அவளுடைய குரல் சற்றுக் கனத்தது. மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். அதனால் பஜனையிலும் அவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்பாள் என்று பொறுப்பாளர் அம்மா மெதுவாகச் சொன்னார்.

என் கைத்தொலைபேசியில் செல்லோ இசையை ஒலிக்கவிட்டபோது அவள் நெருங்கி வந்தாள். “இது என்ன ரீச்சர்? இது என்ர குரல் மாதிரி இருக்கு” என்றாள்.

ஆனால் நிர்வாகக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவருக்குத் தயக்கம். கால்களை அகற்றி வைத்து வாசிக்கும் வாத்தியம் பெட்டைப் பிள்ளைகளுக்கு வடிவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவிலேயே நீண்டகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். அக்காலத்தில் செல்லோ வாசித்த பெண்களிற் பலர், குதிரையில் ஒருபக்கமாக அமர்வது போல் இரு கால்களையும் ஒரே பக்கம் வைத்துச் சிரமப்பட்டு வாசித்தார்கள். போர்த்துக்கலைச் சேர்ந்த கில்ஹெர்மினா சுஜியா (1885-1950) போன்றோர் நீண்ட உடையோடு நேராக அமர்ந்து வாசித்து, அந்தக் கூச்சத்தைப் போக்கினார்கள். அவர் சிவப்பு நிற நீள உடையில் கம்பீரமாகச் செல்லோ வாசிக்கும் ஓவியம் ஒன்றை ஓகஸ்டஸ் ஜோன் என்ற ஓவியர் வரைந்தார். அது இலண்டன் டேற் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. இருந்தும் தடைகள் இலகுவில் நீங்கவில்லை. உலகப் புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு 1997 இல்தான் பெண் ஒருவரை முதன்முதலாக உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பெரியவரிடம் நான் இன்னொரு கதையும் சொன்னேன். இத்தாலியின் வெனிஸ் நகரில் ‘ஓஸ்பெடாலே டெல்லா பியெத்தா’ என்றொரு அனாதை இல்லம் இருந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம் அது. அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்கள். 1703 இல் அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தவர்தான் அந்தோனியோ விவால்டி. அந்தப் பிள்ளைகள் வயலின், வியோலா, செல்லோ எல்லாவற்றையும் தாங்களே வாசித்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். கம்பித் தட்டிக்குப் பின்னால், முகம் தெரியாதபடி நின்று வாசித்த அவர்களைக் கேட்க ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1711 இல் வெளிவந்த விவால்டியின் புகழ்பெற்ற தொகுப்பில் நான்கு வயலின்களுக்கான ஆக்கங்கள் உண்டு. அந்த நான்கு வயலின்களுக்கும் கீழே செல்லோ நின்று தாங்குகிறது.

அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இருக்கவில்லை. வாசித்த வாத்தியமே அவர்களுக்குப் பெயராயிற்று. அவர்களில் மிகவும் புகழ்பெற்றவள் அன்னா மரியா. ‘வயலின் அன்னா மரியா’ என்றே வெனிஸ் நகரம் அவளை அழைத்தது.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீளப் பாவாடை போட்டால் சரிதானே?” என்று கேட்டார். சரி என்றேன்.

எங்கள் கணக்கு

ஆறு புதிய வயலின்களுக்கு ஒதுக்கிய பணத்தை நாங்கள் இப்படிச் செலவழித்தோம்.

முதலாவதாக, பழைய வயலின்களில் நான்கைத் திருத்துவித்தோம். கழுத்து விலகியதைத் திருத்தும் செலவு அதிகம் என்பதால் விட்டுவிட்டோம். நல்ல நிலையில் இருந்ததையும் திருத்தியவற்றில் இரண்டையும் கை பொருந்திய மூத்த பிள்ளைகள் மூவரும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று இரவலுக்கும் அவசரத்துக்கும் என்று வைக்கப்பட்டது.

இரண்டாவதாக, மீதமிருந்த முழு அளவு வயலினை வியோலாவாக மாற்றினோம். இது பலருக்குத் தெரியாத விடயம். கைச்சிறிய பிள்ளைகளுக்கான வியோலா உண்மையில் வயலின் அளவுதான். 14 அங்குல வாத்தியத்துக்கென்று விற்கப்படும் வியோலாத் தந்திகளைப் போட்டு, தடித்த தந்திக்கு ஏற்றவாறு குதிரையையும் மேற்கட்டையின் பள்ளங்களையும் திருத்துநர் சரிசெய்தால் போதும். உண்மையான வியோலாவின் ஆழம் வராது. கீழ்த் தந்தி சற்று மெலிந்தே ஒலிக்கும். எனினும் நடுக்குரல் ஒன்று கிடைத்துவிடும். அந்த வயலினை வாசித்த பிள்ளைக்கு வியோலா வாசிப்பது சில நாட்களிலேயே பழகிவிட்டது.

மூன்றாவதாக, சிறிய பிள்ளைகளுக்கு முக்கால் அளவு வயலின் இரண்டு வாங்கினோம்.

நான்காவதாக, முக்கால் அளவு செல்லோ ஒன்று வாங்கினோம். பணத்தில் பெரும் பங்கு இதற்கே போயிற்று. அதன் தந்திகளும் வயலின் தந்தியைவிடப் பல மடங்கு விலை. பஸ்ஸில் கொண்டு போவதும் சிரமம். அருகில் செல்லோ ஆசிரியரும் இல்லை. இவற்றை மறைக்காமல் நிர்வாகக் குழுவுக்குச் சொன்னேன். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அந்தப் பிள்ளை ஜி, டி ஆகிய இரண்டு தந்திகளையும் விரல் வைக்காமல் வில்லால் நீட்டி இழுத்தாலே போதும். ஷட்ஜமமும் பஞ்சமமும் கிடைக்கும். தேவாரமானாலும் கீர்த்தனையானாலும் கிறிஸ்மஸ் கீதமானாலும் அதன் மேல் மற்றவர்கள் வாசிக்கலாம். பள்ளி விடுமுறையில் செல்லோ தெரிந்த ஒருவரை அழைத்து விரல் வைக்கும் முறையைக் கற்பிக்கலாம் என்று தீர்மானித்தோம்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு நூறு ரூபாவிலும் இருபது ரூபாவைத் தொடாமல் வைத்தோம். மாற்றுத் தந்திகள், வில்லுக்குப் பூசும் றொசின், வில்லுக்கு மயிர் மாற்றுதல், திருத்தம் ஆகியவற்றுக்கு அது. அன்பளிப்பாக வரும் வாத்தியங்கள் பாழாவதற்கு முதற்காரணம் இந்த இருபது ரூபாவை எவரும் நினைக்காததே.

கடையில் பார்க்க வேண்டியவை

வாத்தியத்தை வெளிச்சத்தில் பிடித்து மேற்பலகையில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஓரங்களைச் சுற்றி விரல் மூட்டால் மெதுவாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கே பசை விட்டிருக்கிறது. ‘எஃப்’ வடிவத் துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்தால், மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் சிறிய மரக்குச்சி ஒன்று நிற்க வேண்டும். அது விழுந்திருந்தால் ஒலி மிக மெலிந்துவிடும். தந்தியின் அழுத்தத்தில் மேற்பலகையும் சேதமாகும். குதிரையின் இரண்டு பாதங்களும் பலகையில் இடைவெளியின்றிப் பதிந்திருக்க வேண்டும். பிருடைகளைத் திருகிப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயரமாக இருந்தால் பிள்ளையின் விரல் நோகும். அதைச் சரிசெய்து தரும்படி கேளுங்கள்.

பளபளப்பான வாத்தியத்தைவிட, ஒழுங்காகப் பொருத்திச் சரிசெய்த வாத்தியமே ஆரம்பப் பிள்ளைக்கு நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எமது வெப்பமும் ஈரப்பதனும் மரத்துக்கும் பசைக்கும் எதிரி. தகரக் கூரையின் கீழ், யன்னலடியில், மூடிய வாகனத்தில் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் வில்லின் மயிரைத் தளர்த்திவிட வேண்டும். தந்திகளில் படிந்த றொசின் தூளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரையும் உள்ளே நிற்கும் குச்சியும் விழுந்துவிடலாம். சுருதி பார்க்கும் செயலி இப்போது கைத்தொலைபேசியிலேயே உண்டு. மூத்த பிள்ளை ஒருத்திக்கு அதைப் பழக்கிவிடுங்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கடைசியாக

சென்ற மாதம் அந்த இல்லத்துக்கு மீண்டும் போயிருந்தேன். மூன்று பழைய வயலின், இரண்டு சிறிய வயலின், வியோலாவாக மாறிய ஒன்று, செல்லோ ஒன்று. ஏழு பிள்ளைகள் அரைவட்டமாக இருந்தார்கள். பெரிய வித்துவத்தன்மை ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் சுருதி பிசகியது. சின்னவள் ஒருத்தி வில்லைத் தலைகீழாகப் பிடித்தாள்.

பிறகு செல்லோ வைத்திருந்த பிள்ளை ஜி தந்தியை நீட்டி இழுத்தாள். கதிரைக் கால்கள் வரை அந்த ஒலி இறங்கியது. மற்ற ஆறு பேரும் அந்த ஷட்ஜமத்தைக் கேட்டுத் தங்கள் தந்திகளைச் சரிசெய்துகொண்டார்கள். பின்வரிசையில் வாயசைத்துக்கொண்டு நின்றவள் இப்போது நடுவில் இருந்து எல்லோருக்கும் சுருதி கொடுக்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலோ பாடசாலையிலோ இப்படி ஒரு முயற்சி தொடங்குவதாயின், கடைக்குப் போகுமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். பழைய அலுமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் கையை அளவுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தக் குரல் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பது அதன் பிறகு இலகுவில் விளங்கிவிடும்.